கடலைப் பார்த்து நின்ற வேன்

அத்தியாயம் 9

லாக்கப்பில் இவ்வளவு நிம்மதியாகக் குறட்டை விடும் ஒரு கொலைகாரரைக் கொழுந்தன் அதுவரை பார்த்ததில்லை.

வேன் டிரைவர் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கினார். மறுநாள் காலை அவரைக் கோர்ட்டில் நிறுத்தப் போகிறார்கள். பல் டாக்டர் ஒருவரைக் கடலில் தள்ளிவிட்டார் என்பது குற்றச்சாட்டு. ஆள் என்னவோ லீவுக்கு மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி கிடந்தார்.

"அண்ணி, இப்படித் தூங்கணும்னா ஒண்ணு மனசாட்சி சுத்தமா இருக்கணும், இல்ல சுத்தமா இல்லாமலே போயிருக்கணும்" என்றான் கொழுந்தன்.

அண்ணி சிரிக்கவில்லை. வேலை நேரத்தில் அவனுடைய நகைச்சுவைக்குச் சிரிப்பதில்லை என்று ஒரு கொள்கை வைத்திருந்தாள். மற்ற நேரத்திலும் அதையே கடைப்பிடித்தாள்.

அண்ணியின் துப்பறியும் நிறுவனம் வீட்டின் முன்னறையில் இருந்தது. ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, 'ரகசியம் காக்கப்படும்' என்று தெருவே படிக்கிற அளவில் ஒரு பலகை. கொழுந்தன் அவள் கணவனின் தம்பி. போன வேலைகளிலிருந்தெல்லாம் வாயால் நீக்கப்பட்டவன். மேனேஜரின் வாயால் இல்லை, இவன் வாயால். கடைசியில் அண்ணன்தான், "இவனையும் உன் கூடவே வச்சுக்கோ, கார் ஓட்டுவான்" என்று தள்ளிவிட்டான். கார் ஓட்டினான். கூடவே பேசினான்.

இந்த வழக்கைக் கொண்டுவந்தது டிரைவரின் மனைவி. தையல்காரி. அளவெடுக்கும் டேப்பைக் கழுத்திலிருந்து எடுக்கக்கூட மறந்து, இன்ஸ்பெக்டரின் மேஜைக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

நடந்தது இவ்வளவுதான். பல் டாக்டர் அடிக்கடி வாடகைக்கு எடுக்கும் அதே வேனில், அதே டிரைவருடன், கடற்கரைச் சாலையைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார். அன்று சாயங்காலம் மகன் போன் செய்தபோது டாக்டரின் போனை டிரைவர் எடுத்தார். சார் குளிக்கிறார் என்றார். கொஞ்ச நேரம் கழித்து மகன் மறுபடி கூப்பிட்டான். சார் குளிக்கிறார். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கூப்பிட்டான். அப்போதும் சார் குளித்துக்கொண்டுதான் இருந்தார். இவ்வளவு நேரம் குளித்தால் மனுஷன் கரைந்தே போயிருப்பார் என்று பயந்து, மகன் போலீசுக்கு ஓடினான்.

மறுநாள் போலீஸ் வேனைக் கண்டுபிடித்தது. சாலையின் நான்காவது சுற்றுலா நிறுத்தத்தில், செங்குத்துப் பாறைக்குப் பக்கத்தில் நின்றது. உள்ளே டாக்டரின் போன் இருந்தது, கைக்கடிகாரம் இருந்தது, டாக்டர் மட்டும் இல்லை. டிரைவரின் நெற்றியில் புதுக் காயம். அது கைகலப்பில் பட்ட காயம் என்று இன்ஸ்பெக்டர் முடிவு கட்டினார். அன்றிலிருந்து பாறைக்குக் கீழே படகு விட்டுத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

எந்தக் கேள்வி கேட்டாலும் டிரைவரிடம் ஒரே பதில்தான் இருந்தது. "சார் வருவாரு."

"என்கிட்டயும் அதேதான்க்கா" என்றாள் தையல்காரி. அழுது முடித்துக் கோபத்துக்கு வந்திருந்தாள். "கட்டின பொண்டாட்டி கேக்கறேன், வாயத் திறக்க மாட்டேங்கறாரு. அந்த டாக்டரு எங்க போய்த் தொலைஞ்சாரோ, அவரு நல்லாவே இருக்க மாட்டாரு. நாளைக்கு ஜெயிலுக்குக் கொண்டு போயிட்டா நான் எங்கக்கா போய் நிப்பேன்?"

அண்ணி அவள் தோளைத் தொட்டாள். பிறகு கம்பிக் கதவுக்கு அருகே போய் உட்கார்ந்தாள்.

"டிரைவர் சார், நாங்க அந்தக் கடற்கரை ரோட்டுல ஒரு சுத்து போய் வரலாம்னு இருக்கோம். எங்கெங்க நிறுத்தலாம்?"

துண்டு விலகியது. கொலையைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் செத்துக் கிடந்த முகத்தில் உயிர் வந்தது.

"முதல்ல பாறை வளைவு வரும் மேடம். வாசல்லயே போடாதீங்க, டூரிஸ்ட் பஸ் வந்தா அடைச்சிருவான். உள்ள போய் ரிவர்ஸ் எடுத்து, மூஞ்சி ரோட்டைப் பாத்து நிக்கற மாதிரி போடுங்க. எங்க போனாலும் அப்படித்தான் போடணும், கிளம்பும்போது சுலபம். அடுத்து மணல்மேடு. சிமெண்ட் போட்ட இடத்தை விட்டு இறங்காதீங்க, டயர் புதைஞ்சிரும். பாத்ரூம் அங்கயே போயிருங்க, மத்த எடமெல்லாம் சுத்தம் கிடையாது. மூணாவது லைட்ஹவுஸ். மதியத்துக்கு மேல நிழல் இடது பக்கம் வந்துரும், பாத்துப் போடுங்க. தம்பி நல்ல உயரம், கடைசித் திருப்பத்துல தலையக் குனிஞ்சுக்கச் சொல்லுங்க. அங்க குரங்கு உண்டு, வைப்பரைப் பிடுங்கும், மடக்கி வச்சிருங்க. நாலாவது..."

நிறுத்தினார்.

"நாலாவது இடத்துல எப்படிப் போடணும்?" என்றாள் அண்ணி.

"அங்க எப்படிப் போட்டாலும் ஒண்ணுதான் மேடம்."

"அந்தப் பாறை வளைவு எப்படிண்ணே இருக்கும்? பாக்க நல்லா இருக்குமா?" என்று கேட்டான் கொழுந்தன்.

"பாறையா? நான் பாத்ததில்ல தம்பி."

"ரொம்ப வருஷமா அந்த ரோட்டுலதானே ஓட்டறீங்க?"

"ஓட்டறேன். வண்டிய விட்டு எதுக்கு இறங்கணும்?" அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. "பாசஞ்சர் போவாங்க, பாப்பாங்க, வருவாங்க. அவங்க வர்ற வரைக்கும் காத்திருக்கறதுதான் நம்ம வேலை. தேடிப் போகக் கூடாது, ஹாரன் அடிக்கக் கூடாது. அடிச்சா அவங்களுக்கு அவசரமாயிரும், சரியாப் பாக்க மாட்டாங்க."

துண்டு மறுபடி முகத்துக்குப் போனது. குறட்டை வரவில்லை. இந்த முறை அவர் தூங்குவது போல நடித்தார் என்பதைக் கொழுந்தன்கூடக் கண்டுபிடித்துவிட்டான்.

*

கடற்கரைச் சாலை அழகாகத்தான் இருந்தது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல், நடுவில் அண்ணியின் பழைய கார். மலை பச்சையாக இருந்தது, கடல் நீலமாக இருந்தது, கார் எந்த நிறம் என்று பதிவுப் புத்தகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

"வழியெல்லாம் இறங்கி நடக்கணுமா அண்ணி?"

"ஆமா."

"மலைமேலயா?"

"சின்ன நடைதான். குழந்தைங்களே போகுதுங்க."

"குழந்தைங்களத் தூக்கிட்டுப் போவாங்க அண்ணி."

பாறை வளைவுக்குப் போகும் பாதை முந்திரி மரங்களுக்கு நடுவே ஏறி இறங்கியது. கடல் ஒரு பெரிய பாறையைக் குடைந்து வாசல் மாதிரி ஆக்கியிருந்தது. அதற்குள் அலை புகுந்து வெளியே வரும்போது நுரை முகத்தில் அடித்தது. கொழுந்தன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். இத்தனை வருஷமாக இதிலிருந்து கூப்பிடு தூரத்தில் துண்டு போட்டுத் தூங்கிய டிரைவரை நினைத்து அவனுக்குப் பாவமாக இருந்தது.

திரும்பி வந்ததும் அண்ணி பார்க்கிங் காவலரிடம் பேச்சுக் கொடுத்தாள். பாறையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அந்த வேன் டிரைவரா? பாவம்மா அந்த மனுஷன். அன்னிக்கும் வழக்கம் போலத்தான், பின்பக்கமா வந்து மூஞ்சிய ரோட்டுப் பக்கம் வச்சு நிறுத்தினாரு. டாக்டரு இறங்கிப் போனாரு. இவரு சீட்டைச் சாய்ச்சாரு, துண்டைப் போட்டாரு. வானமே இடிஞ்சாலும் இறங்க மாட்டாரு."

மணல்மேட்டிலும் அதையே சொன்னார்கள். அங்கே கொழுந்தன் மணலில் ஏறி, பாதியில் உட்கார்ந்து, செருப்பை ஒரு முறையும் தன் பிறப்பை ஒரு முறையும் திட்டிவிட்டு இறங்கினான். பாத்ரூம் சுத்தமாக இருந்தது. டிரைவர் பொய் சொல்லவில்லை.

மூன்றாவது நிறுத்தமான லைட்ஹவுஸில் காவலர் யாரும் இல்லை. குரங்குகள் இருந்தன. பாறைப் படிகளில் கொஞ்ச தூரம் ஏறினால் ஒரு சிமெண்ட் பெஞ்சு. எல்லோரும் அதில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். பெஞ்சுக்குப் பின்னால், 'பாதை பழுது, மேலே செல்ல அனுமதி இல்லை' என்று ஒரு துருப்பிடித்த பலகை. உயரே, ஆள் நடமாட்டம் நின்றுபோன வெள்ளைக் கோபுரம். விளக்கு இப்போது தானாகவே எரிந்து தானாகவே அணைகிறது என்று பக்கத்தில் இருந்த ஒருவர் தன் மனைவிக்கு விளக்கினார். அவள் கேட்கவில்லை. காற்றின் இரைச்சலில் அவளுக்குக் கேட்டிருக்கவும் முடியாது.

"அவ்வளவுதான் அண்ணி, போர்டு போட்டாச்சு" என்று கொழுந்தன் சந்தோஷமாகத் திரும்பி நடந்தான்.

நான்காவது நிறுத்தத்தில் திருவிழாக் கூட்டம். கொலை நடந்த இடம் என்று செய்தி பரவியதில் வியாபாரம் சூடு பிடித்திருந்தது. டோக்கன் கிழிக்கும் பெண்ணுக்கு நிமிர நேரமில்லை. அண்ணி அவள் பக்கத்தில் நின்று, தானும் கொஞ்சம் டோக்கன் கிழித்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அந்தப் பெண் தாராளமாகப் பேசினாள்.

"வேன் எங்க நின்னுச்சும்மா?"

"அதோ, அந்த ஓரத்துல. கம்பி வேலிகிட்ட."

"மூஞ்சி எந்தப் பக்கம்?"

அந்தப் பெண் யோசித்தாள். "கடலைப் பாத்து."

கொழுந்தன் துள்ளினான். வாழ்க்கையில் முதல் தடவையாக அண்ணியை முந்திக்கொண்டு ஒன்று புரிந்தது போலிருந்தது. அந்தச் சந்தோஷத்தில் அவளை ஓரமாக இழுத்துப் போனான்.

"அண்ணி! கேஸ் முடிஞ்சது. அந்த மனுஷன் தூக்கத்துலகூட மூஞ்சிய ரோட்டுப் பக்கம் வச்சுத்தான் நிறுத்துவாரு. அப்ப இங்க வேனைக் கொண்டாந்து போட்டது வேற யாரோ. அவருக்குப் பதிலா வேற ஒருத்தன் ஓட்டியிருக்கான். அவன்தான் கொலைகாரன். நம்ம டிரைவரு அவனைக் காப்பாத்தறாரு!"

அண்ணி அவனை மரியாதையோடு பார்த்தாள். பிறகு டோக்கன் பெண் பக்கம் திரும்பினாள்.

"வேனை ஓட்டிட்டு வந்தது யாரும்மா?"

"டிரைவருதான். நான்தானே டோக்கன் குடுத்தேன். அவரை எனக்குத் தெரியாதா?"

கொழுந்தனின் கேஸ் அங்கேயே செத்தது.

"கூட யாரு இருந்தா?"

"யாருமில்ல. காலி வண்டி."

அண்ணி மெதுவாகக் கேட்டாள், "இதைப் போலீஸ்ல சொன்னியா?"

"அவங்க கேக்கலையேக்கா. டாக்டர் எந்தப் பக்கமா நடந்து போனாருன்னு கேட்டாங்க. நான் பாக்கலைன்னு சொன்னேன்."

"டிரைவர் இங்க என்ன பண்ணினாரு? தூங்கினாரா?"

"அதுதாங்க்கா அதிசயம். சீட்டைச் சாய்க்கவே இல்ல. துண்டும் போடல. நான் வீட்டுக்குக் கிளம்பற வரைக்கும் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு நேரா பாத்துட்டே இருந்தாரு. காலைல வந்து பாத்தா அப்பவும் அப்படியேதான் இருக்காரு. போலீஸ் வந்து இறக்கறப்பகூடத் திரும்பித் திரும்பிப் பாத்துட்டுத்தான் போனாரு."

அண்ணி கொழுந்தனிடம் கையை நீட்டினாள். "சாவி."

அவன் கொடுத்தான். அண்ணி கார் ஓட்டினால் பக்கத்தில் உட்கார்வதைவிட எதிரில் நிற்பது மேல் என்று ஒதுங்கி நின்றான். அவள் காரைக் கொண்டுபோய் வேன் நின்ற அதே இடத்தில், அதே மாதிரி, கடலைப் பார்த்து நிறுத்தினாள். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தாள்.

"ஏறி உக்காரு தம்பி. என்ன தெரியுது?"

"கடல்."

"அப்புறம்?"

"மறுபடியும் கடல்."

"கடலுக்கு அந்தப் பக்கம்?"

கரை அந்த இடத்தில் அரைவட்டமாக வளைந்திருந்தது. நடுவில் தண்ணீர். எதிர்க்கரையில், கண்ணாடிக்கு நட்டநடுவில் யாரோ அளந்து வைத்தது போல, வெள்ளைக் கோபுரம் நின்றது. கோபுரத்தை ஒட்டி ஓட்டுக்கூரை போட்ட சின்னக் கட்டிடம் ஒன்றும் தெரிந்தது. பெஞ்சில் உட்கார்ந்தபோது அது கண்ணில் படவில்லை.

"லைட்ஹவுஸ்" என்றான் கொழுந்தன். குரல் இறங்கிவிட்டது.

"காத்திருக்கறதுதான் வேலைன்னு சொன்னாருல்ல. இங்க உக்காந்து காத்திருந்தாரு. பாசஞ்சர் அங்க இருக்காரு."

"அங்கேயே வண்டியப் போட்டுக் காத்திருக்கலாமே?"

"கண்ணுல படாம இருன்னு சொல்லியிருப்பாங்க. இவருக்கு விட்டுட்டுப் போகவும் மனசு வரல."

அண்ணி காரைப் பின்னுக்கு எடுத்தாள். எடுத்த வேகத்தில் டோக்கன் பெண்ணின் நாற்காலி தப்பித்தது. "இன்னொண்ணு. அந்த மனுஷன் நம்மகிட்ட எல்லா இடத்துலயும் பார்க்கிங்கைப் பத்தி மட்டும்தான் சொன்னாரு. நிழல், டயர், பாத்ரூம். ஒரே ஒரு இடத்துலதான் நடந்து போற பாதையைப் பத்திச் சொன்னாரு."

"கடைசித் திருப்பத்துல தலையக் குனிஞ்சுக்கங்கன்னு."

"பெஞ்சு வரைக்கும் போனோமே, எங்கயாவது குனிஞ்சியா?"

"இல்ல. யாராவது டூரிஸ்ட் சொல்லிக் கேட்டிருப்பாரோ?"

"டூரிஸ்ட் எல்லாம் பெஞ்சோட திரும்பிடறாங்க. அதுக்கு மேல போனவருதான் அப்படிச் சொல்ல முடியும். உயரமான ஆளைப் பாத்ததும் பழக்க தோஷத்துல வாய்ல வந்துருச்சு. டிரைவராச்சே, பாசஞ்சர் தலை இடிச்சுக்கக் கூடாது இல்லையா?"

*

பலகையைத் தாண்டியதும் படிகள் உடைந்து கிடந்தன. கொழுந்தன் முன்னால் போனான். தான் விழுந்து செத்தால் தன் குடும்பத்துக்கு யார் யார் பதில் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு படிக்கும் ஒருவராகச் சொல்லிக்கொண்டே ஏறினான். கடைசித் திருப்பத்தில் பாதை ஒரு பாறைக்கு அடியில் புகுந்தது. டிரைவர் சொன்னது ஞாபகம் இருந்தது. அதை அண்ணிக்கு ஞாபகப்படுத்தலாம் என்று திரும்பியபோதுதான் இடித்துக்கொண்டான்.

"அம்மா!"

நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். விரலில் ரத்தம்.

அண்ணி குனிந்து பார்த்தாள். "வலிக்குதா?"

"வலிக்குது."

"டிரைவருக்கும் இதே இடம்தான். கைகலப்புன்னு இன்ஸ்பெக்டர் எழுதி வச்சிருக்காரு." அவள் கைக்குட்டையை அவனிடம் கொடுத்தாள். "சாட்சியைத் துடைச்சிடாத."

ஓட்டுக்கூரைக் கட்டிடம் பழைய காலத்தில் விளக்குக் காவலர் தங்கிய வீடு. கதவைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். கயிறு அவிழ்ந்து தொங்கியது. கொழுந்தன் கதவைத் தள்ளினான். உள்ளே மேஜைமேல் ஒரு வாய் அவனைப் பார்த்துச் சிரித்தது.

வாய் மட்டும்தான். முகம் இல்லை. பக்கத்தில் இன்னொரு வாய், அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. கொழுந்தன் போட்ட சத்தத்தில் கூரையிலிருந்த குரங்குகள் இறங்கி ஓடின.

"அது பிளாஸ்டர்" என்றது மூலையிலிருந்து ஒரு குரல். "கடிக்காது."

டாக்டர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். தாடி முளைத்திருந்தது. ஒரு கணுக்கால் வீங்கிப் பூசணிக்காய் மாதிரி இருந்தது. பக்கத்தில் பிஸ்கட் உறை ஒன்றும், அடியில் கொஞ்சம் தண்ணீர் மிச்சமிருந்த பாட்டிலும் கிடந்தன. அந்தக் கொஞ்சத்தை அவர் குடிக்காமல் வைத்திருப்பதைக் கொழுந்தன் பார்த்தான். தன் பாட்டிலை எடுத்து நீட்டினான். டாக்டர் இரண்டு கையாலும் வாங்கினார். அப்படியும் பாதி சட்டையில் கொட்டியது.

அண்ணி அந்தக் கைகளைப் பார்த்தாள். மேஜைமேல் வரிசையாக இருந்த பிளாஸ்டர் பற்களையும் பார்த்தாள். கோணலும் மாணலுமாக ஓட்டை விழுந்த பற்கள். இடம் தவறிக் கீறிய கோடுகள். பக்கத்தில் பேட்டரியில் ஓடும் சின்னத் துளைக் கருவி.

"கை எப்ப இருந்து நடுங்குது டாக்டர்?" என்றாள்.

அவர் மறுக்கவில்லை. மறுக்கும் தெம்பும் இல்லை.

"ஒரு வருஷமா இருக்கும். ஓய்வா இருந்தா நின்னுரும்னு நினைச்சேன். போனையும் கடிகாரத்தையும் வேன்லயே விட்டுட்டு, யாரும் பாக்காத இடத்துல உக்காந்து, கை பழையபடி வேலைக்கு வருதான்னு பழகிப் பாக்கலாம்னு வந்தேன். வரலை." தண்ணீரை விழுங்கினார். "மறுநாள் விடிஞ்சதும் வாசப்படியில வழுக்கிட்டேன். கத்திப் பாத்தேன், கீழ பெஞ்சுல இருக்கறவங்களுக்குக் காத்துல கேக்கலை."

"வீட்டுல யாருக்கும் தெரியாதா?"

"என் பையன் கிளினிக்ல என் கூடவேதான் இருக்கான், ஆனா பேஷண்டோட வாயைத்தான் பாப்பான், என் கையைப் பாக்க மாட்டான். டிரைவருக்கு மட்டும்தான் தெரியும். ஒரு நாள் எனக்கு அரை டம்ளர் காபி வாங்கிக் குடுத்தான். அதுக்கப்புறம் எப்பவும் அரை டம்ளர்தான். ஏன்னு நான் கேக்கலை, அவனும் சொல்லலை." டாக்டர் ஜன்னல் பக்கம் பார்த்தார். எதிர்க்கரை தெரிந்தது. "வேன் அங்க நின்னுட்டு இருந்துச்சு. அதைப் பாத்துட்டே இருந்தேன், தைரியமா இருந்துச்சு. அப்புறம் காணோம். நான் இறங்கி வர்ற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னு சொல்லியிருந்தேன். அவனும் எவ்வளவு நேரம்தான் காத்திருப்பான்? கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான் போல."

"கோவிச்சுக்கல" என்றாள் அண்ணி. "உங்களைக் கொன்னுட்டாருன்னு பிடிச்சு உள்ள வச்சிருக்காங்க."

"என்னையா?"

"நீங்க இறங்கி வர்றதுக்காக அவரு அங்க வாய மூடிட்டுக் காத்திருக்காரு. அவரு வந்து கூட்டிட்டுப் போவாருன்னு நீங்க இங்க காத்திருக்கீங்க. நாங்க வராட்டி ரெண்டு பேரும் காத்திருந்தே முடிஞ்சிருப்பீங்க."

டாக்டர் சுவரைப் பிடித்து எழுந்துவிட்டார். அந்தக் காலோடு எப்படி எழுந்தார் என்று கொழுந்தனுக்குப் புரியவில்லை. அவரை முதுகில் ஏற்றிக்கொண்டான். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அண்ணி சொன்னாள்.

"முதல்ல ஸ்டேஷன்" என்றார் டாக்டர்.

*

செத்தவரைத் தூக்கிக்கொண்டு கொழுந்தன் ஸ்டேஷனுக்குள் நுழைந்தபோது இன்ஸ்பெக்டர் போனில் படகுக்காரர்களைத் திட்டிக்கொண்டிருந்தார். போனை வைத்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார்.

அண்ணி சுருக்கமாகச் சொன்னாள். டாக்டரின் மகனுக்கு ஆள் போனது. லாக்கப் கதவு திறந்தது. டிரைவர் வெளியே வந்து, "நான்தான் சொன்னேன்ல, சார் வருவாருன்னு" என்று ஆரம்பித்தார். டாக்டரின் காலைப் பார்த்ததும் பேச்சு நின்றது.

"எப்ப சார் விழுந்தீங்க?"

"நீ போன மறுநாள்."

"நீங்க கால் உடைஞ்சு கிடந்தீங்க, நான் இங்க துண்டைப் போட்டுட்டுத் தூங்கிட்டு இருந்தேனே சார்." டிரைவர் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். கொலைக் குற்றம் சாட்டியபோது அழாதவர்.

"நல்லா அழுங்க" என்றாள் தையல்காரி. "பொண்டாட்டி அழுதப்ப வராத கண்ணீரு இப்ப வருது பாருங்க." சொல்லிவிட்டு அவளும் அழுதாள்.

மகன் கிளினிக் கோட்டோடு ஓடி வந்தான். அப்பாவைப் பார்த்ததும் அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். வாக்குமூலத் தாளை இழுத்தார். "எல்லாம் சரி. ஆனா அங்க எதுக்குப் போனீங்கன்னு எழுதணும் சார். காரணம் இல்லாம நான் இவரை விட முடியாது. படகு, ஆளு, எல்லாத்துக்கும் பதில் சொல்லணும்."

டாக்டர் கைகளை மடியில் மறைத்து வைத்திருந்தார்.

தரையிலிருந்து டிரைவர் முந்திக்கொண்டார். "பறவை பாக்கப் போனாருன்னு எழுதிக்கங்க சார். அங்க நிறையப் பறவை."

"நீ பாத்தியா?"

"இல்ல சார். பார்க்கிங்ல எச்சம் கிடக்கும்."

இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார். பறவைக்கு அவர் தயாராகத்தான் இருந்தார். எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம், எந்த ரகசியமும் வெளியே போகாது. கொழுந்தன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி டாக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பறவை இல்ல" என்றார் டாக்டர். கைகளை எடுத்து மேஜைமேல் வைத்தார். கண்ணாடிக்கு அடியில் இருந்த தாள்கள்கூட அதிர்வது போலிருந்தது. "இதுக்காகத்தான் போனேன். இப்படியே எழுதுங்க. இவன் இதை மறைக்கத்தான் கொலைப்பழியை ஏத்துக்கிட்டு உக்காந்திருந்தான். இனிமே எதையும் மறைக்க வேண்டாம்."

மகன் அந்தக் கைகளை முதல் தடவையாகப் பார்த்தான். "அப்பா" என்றான்.

இன்ஸ்பெக்டரின் கை தானாகத் தன் கன்னத்துக்குப் போனது. "போன மாசம் எனக்குக் கடவாய்ப்பல்..."

"அது பையன் செஞ்சது. நான் பக்கத்துல நின்னு உங்ககிட்ட பேச்சுக் குடுத்தேன்."

இன்ஸ்பெக்டர் நிம்மதியாக எழுதி முடித்து, தாளை அவர் பக்கம் நகர்த்தினார். டாக்டர் பேனாவைப் பிடித்தார். முனை தாளில் படுவதற்குள் தாள் நழுவியது. இழுத்து வைத்தார். மறுபடி நழுவியது. ஊரில் பாதிப் பேரின் பல்லைப் பிடுங்கிய கை. அது தன் பெயரை எழுத முடியாமல் நிற்பதைப் பார்க்க மகனால் முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

தையல்காரி எழுந்து வந்தாள். அந்த ஆள் நாசமாகப் போகட்டும் என்று மூன்று நாளாகச் சபித்தவள். மேஜைக்குப் பக்கத்தில் நின்று, மெஷினில் துணியைப் பிடிப்பது போல, இரண்டு உள்ளங்கையாலும் தாளை நகராமல் அழுத்திப் பிடித்தாள்.

"மெதுவாப் போடுங்க சார்" என்றாள். "எவ்வளவு நேரம் ஆனாலும் பரவால்ல. நாங்க காத்திருக்கோம்."